மத்ரா குடும்பமும் ஒரு கல்லறைக் கல்லும்

இந்த விழா மலரைத் தொகுக்கும் பணி தொடங்கிய முதல் வாரமே, நம் பங்கின் மூத்த பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்து ஒரு வேண்டுகோள் வைத்தார். "தம்பிமாரே, மெட்ராஸ் என்ற பேரே நம்ம வேதக்காரக் குடும்பம் ஒண்ணுலேர்ந்து வந்ததுதான். மத்ரா என்கிற பரங்கிக் குடும்பம். அதை முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டுவிடுங்கள்" என்றார். சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் கேட்ட செய்தியாம். அறுபது ஆண்டுகளாக அதை மனத்தில் வைத்திருக்கிறார்.

முதல் பக்கத்தில் அச்செய்தி இல்லை என்பதைப் பங்கு மக்கள் இதற்குள் கவனித்திருப்பீர்கள். ஏன் இல்லை என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அதைவிட முக்கியமாக, அந்தக் குடும்பத்தைப் பற்றி எதைத் துணிந்து சொல்லலாம் என்பதையும் சொல்ல விரும்புகிறோம்.

ஒரு கல்லிலிருந்து தொடங்குவோம். சாந்தோமில் வழிகாட்டி அன்னையின் திருத்தலமாக விளங்கும் புனித லாசர் ஆலயத்தை நாம் அறிவோம். அங்கிருந்த பழைய கோவிலை இடித்துப் புதிதாகக் கட்ட முனைந்தபோது, 1927 வாக்கில், மண்ணுக்குள்ளிருந்து ஒரு கல்லறைக் கல் கிடைத்தது. குலச் சின்னம் பொறித்த கல். அதில் கண்ட செய்தி இவ்வளவுதான்: வின்சென்ட் மத்ராவுக்கும் லூசி பிராக்குக்கும் மகனாகிய மானுவேல் மத்ராவும் அவர் தாயும் இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர், அவர்கள் தங்கள் சொந்தச் செலவில் 1637-ஆம் ஆண்டு இக்கோவிலைக் கட்டினர்.

இங்கே ஆண்டைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலக் கம்பெனியின் பிரான்சிஸ் டே என்பவர், தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து மதராஸப்பட்டினத்தில் கோட்டை கட்ட உரிமை பெற்றது 1639-இல். அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, தெற்கே, ஒரு தாயும் மகனும் தங்கள் கைப்பணத்தில் கோவில் கட்டி முடித்திருக்கிறார்கள். கோட்டையும் இல்லை, கம்பெனியும் இல்லை, கவர்னரும் இல்லை. கடற்கரையில் வலை உலர்த்தும் குப்பங்கள்தாம் இருந்தன.

யார் இந்த மத்ரா குடும்பத்தார்? மதேரோஸ் என்னும் போர்த்துகீசியக் குலப்பெயர் நம் நாட்டார் வாயில் மத்ரா என்று குறுகியது என்பது ஆய்வாளர் சிலர் கருத்து. அதுவே பொருத்தமாகவும் தோன்றுகிறது. போர்த்துகீசியர் 1520-களில் மயிலையில் வந்து தங்கினர். அப்போஸ்தலரான புனித தோமையாரின் கல்லறை என்று போற்றப்பட்ட இடத்தில் பாழடைந்திருந்த கோவிலை 1523-இல் செப்பனிடத் தொடங்கினர். அதைச் சுற்றி ஓர் ஊர் எழுந்தது. மயிலாப்பூரின் சாந்தோமே என்று அதற்குப் பெயர் வைத்தனர். பரங்கிமலையும் சின்னமலையும் அவர்களுடைய கோவில்கள் எழுந்த குன்றுகளே. மலைக்கு ஏன் பரங்கிமலை என்று பெயர் வந்தது என்று நம் பிள்ளைகள் கேட்டால், பரங்கிக்காயைக் காட்டிச் சிரிக்காமல் இதைச் சொல்லலாம். பரங்கிக்காயும் அவர்கள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்ததுதான் என்பது வேறு கதை.

இங்கே வந்தவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள். படைவீரராகப் பணி முடித்தவர்கள், கப்பலோட்டிகள், சிறு வணிகர்கள். இந்த மண்ணின் பெண்களை மணந்து இங்கேயே தங்கினர். அவ்வாறு மணமுடித்துக் குடியேறியவரைக் 'காசாதோ' என்று தனிப் பெயரிட்டே அழைத்தார்கள். கோவாவில் இருந்த இராஜப்பிரதிநிதியின் அதிகாரம் இவ்வளவு தூரம் சரியாக எட்டவில்லை. ஆகவே இந்தக் குடும்பங்களே ஊரை நடத்தின. சோழமண்டலத் துணியை மலாக்காவுக்கும் பெகுவுக்கும் மணிலாவுக்கும் அனுப்பிச் செல்வம் சேர்த்தன. அந்தச் செல்வம் முழுவதும் தூய்மையானது என்று நாம் சொல்ல மாட்டோம். பஞ்ச காலங்களில் இக்கரையின் ஏழைகளை அடிமைகளாக வாங்கி விற்ற வாணிபமும் சாந்தோமில் நடந்தது. விழா மலர் என்பதற்காக அதை மறைப்பது முறையன்று. 1606-இல் பாப்பரசர் ஐந்தாம் பவுல் மயிலை மேற்றிராசனத்தை நிறுவியபோது சாந்தோம் மேற்றிராணியாரின் இருப்பிடமாயிற்று. மத்ரா குடும்பத்தார் கோவில் கட்டியது அதற்கு ஒரு தலைமுறை கழித்து.

அந்த 1637-இல் இன்னொரு வியப்பும் உண்டு. 1580 முதல் 1640 வரை போர்த்துகல் நாட்டு முடியும் ஸ்பெயின் நாட்டு முடியும் ஒரே தலையில் இருந்தன. ஆகவே லூசி அம்மாள் சாந்தோமில் கோவில் கட்டியபோது அவ்வூருக்கு அரசர் நான்காம் பிலிப்பு. கடல் கடந்த மெக்ஸிகோவுக்கும் அவரே அரசர். நம் கரையில் நெய்த துணி மணிலா சென்று, அங்கிருந்து ஆண்டுக் கப்பலேறி, பசிபிக் மாகடலைத் தாண்டி மெக்ஸிகோவின் அகபுல்கோ துறையில் இறங்கிய காலம் அது.

மெக்ஸிகோவுக்கு வடக்கே கலிபோர்னியாவில், ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1769 முதல் ஸ்பானியர் குடியேறினர். அங்கும் இப்படியே கலப்புக் குடும்பங்கள் தோன்றி, ஊரையும் நிலத்தையும் ஆண்டன. ஸ்பெயின் போய் 1821-இல் மெக்ஸிகோவின் ஆட்சி வந்தது. 1848-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆட்சி வந்தது. பீயோ பீக்கோ என்பவரைச் சொல்லலாம். ஐரோப்பிய, ஆப்பிரிக்க, அமெரிக்கப் பழங்குடி இரத்தம் கலந்த குடும்பத்தில் பிறந்து, மெக்ஸிகோ ஆட்சியின் கடைசி கவர்னராக இருந்தவர். அமெரிக்கர் 1851-இல் ஒரு சட்டம் போட்டனர். நிலத்துக்குச் சொந்தக்காரர் என்பதைச் சொந்தக்காரரே வழக்காடி நிரூபிக்க வேண்டும் என்றது அச்சட்டம். வழக்குச் செலவிலும் கடனிலும் பெரும் பண்ணைகள் கரைந்தன. பீக்கோ 1894-இல் ஏழையாக இறந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு நீண்ட சாலைக்கு இன்றும் அவர் பெயர். நம் மத்ரா குடும்பத்தின் கதையைப் படிக்கையில் நமக்கு இந்தக் கலிபோர்னியாக் குடும்பங்கள் நினைவுக்கு வந்தன. ஆட்சி மாறும்போது, முந்தைய ஆட்சியில் தலைநிமிர்ந்து நின்றவர் வீட்டுக் கதவைத்தான் புதியவர் முதலில் தட்டுகிறார்.

இனிப் பெயர் விஷயம். மத்ரா குடும்பத்தின் செல்வாக்கால் அக்கரை முழுவதுக்கும் மத்ராஸ் என்று பெயர் வந்தது என்பது ஒரு கொள்கை. கல்லறைக் கல் கிடைத்த பிறகு அது வலுப்பெற்றது. மதுரேசன் அல்லது மாதரசன் என்ற மீனவத் தலைவனின் பெயர் அது என்பாரும், 'மாத்ரே தே தேயுஸ்', அதாவது தேவமாதா என்ற கோவிற்பெயரே மருவியது என்பாரும் உண்டு. நம் பெரியவர் கேட்டது முதற்கொள்கை. அது உண்மையாயிருந்தால் நமக்கும் பெருமைதான். ஆனால் கிருஷ்ணகிரி அருகே பெண்ணேசுவரமடத்தில் விஜயநகர காலக் கல்வெட்டு ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. 1367-ஆம் ஆண்டைச் சேர்ந்த அதில், கீழைக் கடற்கரைத் துறைகளின் வரிசையில் மாதரசன்பட்டணம் என்ற பெயர் காணப்படுகிறது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் கால் வைத்ததே 1498-இல்தான். போர்த்துகீசியர் வருவதற்கு 130 ஆண்டுகளுக்கு முன்னரே வழங்கிய பெயரைப் போர்த்துகீசியக் குடும்பம் எப்படித் தந்திருக்க முடியும்? ஆகவே அந்தப் பெருமையை நாம் விட்டுவிட வேண்டியதுதான். கல்வெட்டுக்கு எதிராகக் கொட்டை எழுத்து நிற்காது.

பெயரைத் தராவிட்டாலும் நகரத்துக்கு அக்குடும்பம் வேறொன்று தந்தது. அதைச் சொல்லும் முன் கோட்டைக்குள் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

சாந்தோமுக்குத் தொல்லை மேல் தொல்லை வந்தது. 1662-இல் கோல்கொண்டா சுல்தானின் படை ஊரைப் பிடித்தது. 1672-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். இரண்டாண்டு முற்றுகைக்குப் பின் விட்டுப் போயினர். 1697-இல் மொகலாயர் உத்தரவால் மதில்கள் இடிக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் பரங்கிக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஆங்கிலேயரின் கோட்டைப் பக்கம் வந்தன. ஆங்கிலேயரும் வரவேற்றனர். கப்பல் தொழில் தெரிந்தவர்கள், பாஷை தெரிந்தவர்கள், பணமும் உள்ளவர்கள். 1642 முதல் எப்ரேம் தெ நெவேர் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் சுவாமியார் அங்கே ஞானகாரியங்களைக் கவனித்து வந்தார். நகரில் வாங்கவும் விற்கவும் வழங்கிய பொதுமொழி போர்த்துகீசியம். 1698-ஆம் ஆண்டுச் சாசனத்தில், கம்பெனியின் புரொட்டஸ்டண்ட் போதகர்கள் வந்து ஓராண்டுக்குள் போர்த்துகீசியம் கற்க வேண்டும் என்றே விதி செய்தார்கள். நம் வீட்டு ஜன்னல், மேசை, அலமாரி, சாவி, ஏலம் எல்லாம் அந்த மொழி விட்டுச்சென்றவை. ஜான் பெரேரா என்ற போர்த்துகீசிய வணிகரின் தோட்டம் இருந்த பகுதி அவர் பெயராலேயே வழங்கி வந்ததை வடசென்னை உறவினர் உள்ளவர்கள் அறிவார்கள்.

இந்தச் செல்வாக்கு 1746 வரை நின்றது. அவ்வாண்டு பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைப் பிடித்தனர். உடன்படிக்கையின்படி 1749-இல் ஆங்கிலேயர் திரும்பி வந்தபோது கத்தோலிக்கர் எல்லாரும் பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொன்னவர்கள் என்ற சந்தேகத்தோடு வந்தனர். புதுச்சேரி கவர்னர் தூப்ளேக்சின் மனைவி போர்த்துகீசியக் கலப்பு வம்சத்தில் இங்கே பிறந்த பெண். தமிழ் நன்கு அறிந்தவர். அவருக்கு உறவினரான அந்தோனியோ நொரோஞா என்ற சாந்தோம் குரு அவருக்காகச் செய்தி அனுப்புகிறார் என்று குற்றம் சாட்டி, அவரைப் பிடித்துக் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். சாந்தோமை ஆங்கிலேயர் தங்கள் எல்லையோடு சேர்த்துக்கொண்டனர். கோட்டைக்குள் இருந்த கப்புச்சின் சுவாமிமாரின் புனித அந்திரேயா கோவில் இடிக்கப்பட்டது. வேப்பேரியில் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற அர்மீனியர் கட்டிய மாதா கோவிலும் கைமாறி, புரொட்டஸ்டண்ட் மிஷனரிகளிடம் போயிற்று. அந்த உஸ்கான் நமக்கு அந்நியரல்லர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் முதன்முதல் பாலம் கட்டியவரும், பரங்கிமலைப் படிக்கட்டைச் செப்பனிட்டவரும் அவரே. தாம்பரத்திலிருந்து நகருக்குள் போகிற நாம் தினமும் அவர் வழியில்தான் ஆற்றைக் கடக்கிறோம். கோட்டையின் வெள்ளையர் பட்டணத்தில் கத்தோலிக்கர் குடியிருக்கக் கூடாது என்றும் கட்டளை பிறந்தது.

இந்தச் சூழ்நிலையில்தான் அந்தோனியா தெ மதேரோஸ் அம்மாளின் பெயரை நாம் காண்கிறோம். திருவல்லிக்கேணிப் பகுதியில், கூவத்தின் கரையில், அவர்களுக்கு ஒரு பெரிய தோட்டமும் மாளிகையும் இருந்தன. கம்பெனியின் பழைய தோட்ட வீடு பிரெஞ்சு ஆதிக்கத்தில் பாழாகிப் போனதால், கவர்னருக்குக் கோட்டைக்கு வெளியே ஒரு வீடு வேண்டியிருந்தது. கவர்னர் தாமஸ் சாண்டர்ஸ் காலத்தில், 1753-இல், கம்பெனி அந்த மாளிகையை 3,500 வராகனுக்கு வாங்கியது. பின்னாள் கணக்கில் ஒரு வராகன் சுமார் மூன்றரை ரூபாய் என்றால், ஏறத்தாழ 12,250 ரூபாய். நான்காண்டுகளுக்கு முன் தம் மதத்தாரைக் கோட்டையிலிருந்து விரட்டிய கம்பெனிக்கே அந்த அம்மாள் வீட்டை விற்றார். விரும்பி விற்றாரா, வேறு வழியின்றி விற்றாரா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. விலைப்பத்திரங்கள் விலையைத்தான் பேசும்.

அந்த வீடு எது தெரியுமா? அதுதான் பின்னாளில் அரசினர் மாளிகை. 1758-59 முற்றுகையில் லாலியின் படை அதைச் சூறையாடியது. 1798 முதல் 1803 வரை கவர்னராயிருந்த எட்வர்டு கிளைவ் அதைப் பெரிதாக்கி, பக்கத்தில் விருந்து மண்டபம் ஒன்றையும் எழுப்பினார். திப்பு சுல்தான் வீழ்ந்த 1799-ஆம் ஆண்டு வெற்றியைக் கொண்டாடக் கோல்டிங்ஹாம் என்பவர் வரைந்து 1802-இல் முடித்த அம்மண்டபமே இன்றைய ராஜாஜி மண்டபம். எம்.ஜி.ஆர். 1987-லும், ஜெயலலிதா 2016-லும், கருணாநிதி 2018-லும் மறைந்தபோது இலட்சக்கணக்கான மக்கள் இறுதி மரியாதை செலுத்த வரிசையில் நின்றது அங்கேதான். மதேரோஸ் மாளிகையோ, புதிய சட்டமன்ற வளாகம் கட்டுவதற்காக இடிக்கப்பட்டது. வளாகம் 2010-இல் திறக்கப்பட்டு, 2014 முதல் பெரிய அரசு மருத்துவமனையாக இயங்குகிறது. நம் பங்கிலிருந்து இருதயச் சிகிச்சைக்கும் மற்றதற்கும் அங்கே போய் வந்தவர்கள் பலர். கிண்டியில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி, டோக்கன் வாங்கி நாற்காலியில் காத்திருந்தபோது, அந்தோனியா அம்மாளின் தோட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அறிந்திருக்க மாட்டார்கள். நாமும் இந்தக் கட்டுரைக்காகத் தேடும் வரை அறியவில்லை.

அதற்குப் பின் மதேரோஸ் பெயர் நகரின் பெரிய காரியங்களில் தென்படவில்லை. ஆங்கிலேயரோடு ஒத்துப்போன போர்த்துகீசியர் சிலர் மட்டும் மேலும் உயர்ந்தனர். ஜான் தெ மோந்தே அவர்களில் ஒருவர். அர்பத்நாட் கம்பெனியின் பழைய பங்காளி; பெரும் பணக்காரர். மைந்தனை இழந்தவர். 1821-இல் இறந்தபோது ஆழ்வார்பேட்டைப் பகுதியிலிருந்த தம் நிலங்களைத் திருச்சபைக்கு எழுதி வைத்தார். நமக்குத் தெற்கே கோவளம் கடற்கரையில், கார்மேல் மாதா ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 'டிமான்டி காலனி' என்று 2015-இல் பேய்ப்படம் எடுத்து இளைஞர்களைப் பயமுறுத்தினார்களே, அந்தப் பெயர் இவருடையதே. தான தருமம் செய்தவரைப் பேயாக்கியது நமக்கு அவ்வளவாக உவப்பில்லை. ஆயினும் பெயராவது பிள்ளைகள் வாயில் இருக்கிறது. லூசி பிராக் பெயருக்கு அதுவும் இல்லை.

ஆட்சிகள் போன பிறகும் ஒரு நூல் மட்டும் அறுபடாமல் ஓடியது. மயிலை மேற்றிராசனம் போர்த்துகல் அரசின் ஆதரவு உரிமையின் கீழ் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. சென்னை, மயிலை என்று ஒரே நகரில் இரண்டு அதிகாரங்கள். ஒரு தெருவில் ஒரு மேற்றிராணியார், அடுத்த தெருவில் வேறொருவர் என்று நம் பாட்டன்மார் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. 1952-இல் இரண்டும் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமாக இணைந்தன. 2002-இல் அதிலிருந்து செங்கற்பட்டு மறைமாவட்டம் பிரிந்தபோது தாம்பரம் வட்டாரமும், பரங்கிமலையும் கூட, அதற்குள் வந்தன. 1931-இல் மின்சார ரயில் தாம்பரம் வரை ஓடத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் குடியேறிய கத்தோலிக்கக் குடும்பங்களில், பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியரும் பலர். அவர்களில் போர்த்துகீசியக் குலப்பெயர் தாங்கியவர்கள் உண்டு. டிசூசா, பெரேரா, ரொசாரியோ என்று நம் திருமுழுக்குப் பதிவேடுகளைப் புரட்டினாலே தெரியும். அவர்கள் தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று கேட்டுக் கேலி செய்யும் வழக்கம் சில இடங்களில் இருந்தது. அவர்களுடைய பாட்டி எந்தக் கப்பலிலும் வரவில்லை. இங்கேயே பிறந்து, இந்தக் கடற்கரையிலேயே மீன் வாங்கிச் சமைத்தவள்.

லூசி பிராக் என்ற அம்மாள் எந்த மண்ணில் பிறந்தார் என்பதைக் கல் சொல்லவில்லை. ஆனால் கோவில் கட்டியவர் என்று மகனைச் சொல்லும் இடத்திலேயே தாயையும் சேர்த்துச் சொல்கிறது. அக்காலத்துக் கல்லறைக் கற்களில் பெண்கள் பெரும்பாலும் இன்னாரின் மனைவி என்ற அளவில் நிற்பார்கள். இங்கே ஒரு பெண் தன் சொந்தப் பணத்தோடு நிற்கிறார். நகரத்தின் பெயர் அவர்களுடையதா என்று மூன்று தலைமுறையாக வாதாடிய நாம், அந்தக் கல்லில் உள்ளதை முழுதாகப் படிக்கவில்லையோ என்று எண்ணத் தோன்றுகிறது.

கையெழுத்துப் படியை நம் பெரியவரிடம் படித்துக் காட்டினோம். பெண்ணேசுவரமடக் கல்வெட்டு வந்த இடத்தில் அவர் முகம் சற்று வாடியது உண்மை. "1367-ஆ? நல்லாப் பாத்தீங்களா?" என்று இருமுறை கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, "சரி, பேரு போனா போகட்டும். அந்த அம்மா பேரை மட்டும் தப்பில்லாம அச்சுல போடுங்க. ப்ரூஃப் வந்ததும் எனக்கு ஒருதரம் காட்டுங்க" என்றார். காட்டினோம்.